இந்த வருஷத்துப் புத்தகம்

வாசலிலேயே பிரிந்துவிட்டோம். அதுதான் வழக்கம். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டதும் தனகோடி இடது பக்க வரிசைக்குப் போவாள், நான் வலது பக்கம். அவள் எனக்கு ஒரு புத்தகம் வாங்க வேண்டும், நான் அவளுக்கு ஒன்று. என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது, எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும், வாங்கி முடித்ததும் பஜ்ஜிக் கடைகளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார வேண்டும், முதலில் வந்தவர் டெல்லி அப்பளம் வாங்கி வைத்திருக்க வேண்டும். கல்யாணமான வருஷம் மவுண்ட் ரோட்டுப் பெண்கள் கல்லூரி மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடந்தபோது ஆரம்பித்த விளையாட்டு இது. மைதானம் மாறி, ஊர் பேர் மாறி, எங்கள் முடி நிறம் மாறி, விளையாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அவள் கைப்பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, "அவசரமா வந்து உக்காந்துடாதீங்க, எனக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதுகுப் பக்கம் ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. தீபாவளிக்குத்தான் பிடித்துத் தைத்தாள், அதற்குள் மறுபடியும் தொளதொள. அந்த ரவிக்கையைப் பார்த்தபடி வழியிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் வந்த ஒருத்தர் "சார், கொஞ்சம் நகருங்க" என்றார். நகர்ந்தேன். பலகை அடித்து மேலே சிவப்புத் துணி விரித்த தரை காலுக்குக் கீழே தடக் தடக் என்கிறது, எங்கோ ஒரு பலகை உள்வாங்குகிறது, மைக்கில் ஒரு பெண் நீல நிறச் சட்டை போட்ட குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். தனகோடிக்கு ஒரு புத்தகம் வாங்க வேண்டும். ஒன்றே ஒன்று. முதல் கடையைத் தாண்டிப் போகிறேன், இரண்டாவதையும்.

"வர்ற வெயில் காலம் தாண்டட்டும் சார், அப்புறம் பாக்கலாம்" என்றார் போன மாசம் டாக்டர். தனகோடி வெளியே எடை பார்க்கும் இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாண்டட்டும் என்று டாக்டர்கள் சொன்னால் தாண்டாது என்று அர்த்தம், அது எனக்குக்கூடப் புரிந்தது. கணையம் என்று ஓர் உறுப்பு உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு முந்தின நாள் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வெளியே வந்து அல்சர் என்று சொன்னேன். "அல்சரா, நேரத்துக்குச் சாப்பிடாததுதான்" என்றாள், அவ்வளவுதான், வேறு கேட்கவில்லை. பையன் கதிரவனிடம் போனில் சொன்னேன், புனேயில் அவனும் அழுதான், இங்கே மொட்டை மாடியில் நானும் அழுதேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ரெண்டு பேரும் முடிவு செய்தோம். இப்போது தை மாதம். வெயில் காலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தலைக்கு மேலே தகரக் கூரை இப்போதே சுடுகிறது.

அவள் மெதுவாகப் படிப்பவள். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நாலைந்து பக்கம் படிப்பாள். அதற்கு மேல் போக மாட்டாள். நிறுத்துகிற இடத்தில் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துச் செருகி வைப்பாள். கதை எவ்வளவு விறுவிறுப்பான இடத்தில் இருந்தாலும் சரி, நாலைந்து பக்கம்தான். "எல்லாத்தையும் இன்னிக்கே தின்னுட்டா நாளைக்கு என்னத்துக்கு உக்கார்றது" என்பாள். ஆகவே நான் வாங்கித் தருகிற நாவல் தையில் தொடங்கினால் மார்கழி வரை வர வேண்டும். வேலை பார்த்ததெல்லாம் நில அளவைத் துறையில், கண்ணாலேயே அளப்பது பழக்கமாகிவிட்டது. புத்தகத்தைப் பிரிக்காமல், விரலைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தே இது அவளுக்கு ஆவணி வரை வரும், இது ஐப்பசி வரை வரும் என்று சொல்லிவிடுவேன். நாலு விரல் கனம் இருந்தால் ஒரு வருஷம். போன வருஷம் நாலு விரல். நாவல் வாங்குகிற வருஷமெல்லாம் நாலு விரல் பார்த்துத்தான் வாங்குகிறேன், அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. இந்த வருஷம் எத்தனை விரல் வாங்குவது? இரண்டு விரல் வாங்கினால் கையில் எடுத்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். இத்தனை வருஷமாக மூட்டை மாதிரி கொண்டு வந்து கொடுத்த மனுஷன் இன்றைக்கு ஏன் ஒல்லியாக ஒன்றை நீட்டுகிறான் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். நாலு விரல் வாங்கினால்? வாங்கினால் அது பாதியில் நிற்கும். ஹேர்பின்னோடு நிற்கும். எந்தப் பக்கத்தில் அவள் நிறுத்தினாள் என்று அந்தப் பின் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை எடுப்பதா, அப்படியே விடுவதா? மீதியை நான் படிப்பதா? சே, என்ன புத்தி இது, ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே.

முதல் வருஷம் வாங்கிக் கொடுத்தது காதல் கவிதை. புதுசாகக் கல்யாணமானவன் வேறு என்ன வாங்குவான். ஒரு பக்கத்துக்கு நாலு வரி, மீதியெல்லாம் வெள்ளை. புரட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் தாளுக்கா இவ்ளோ காசு குடுத்தீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அன்றைக்குத்தான் இவளோடு காலம் தள்ளிவிடலாம் என்று தைரியமும் வந்தது. அடுத்த வருஷம் ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்த நாவல், கெட்டி அட்டை, விலை ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அப்போதெல்லாம் ஜனங்கள் அதை அள்ளிக்கொண்டு போவார்கள், படித்தார்களா என்பது வேறு விஷயம். தனகோடி படித்தாள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று எல்லாருக்கும் தன் சொந்தக்காரர்கள் பேரை வைத்துவிட்டாள். ராத்திரி சோறு போடும்போது, "இன்னிக்குப் பெரம்பூர் மாமா பனியில குதிரை வண்டியோட மாட்டிக்கிட்டாரு" என்பாள். பெரம்பூர் மாமா செத்துப் போனபோது நாங்கள் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தோம், அவர் குதிரை வண்டியில் போவதுதான் ஞாபகத்துக்கு வந்தது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம். அப்புறம் அந்தக் கப்பல் வருவது நின்றுபோயிற்று. தேசமே இல்லாமல் போய்விட்டது என்றார்கள். தனகோடிக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

கதிரவனுக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அந்தத் தையில் நான் அவளுக்குக் குழந்தைப் பெயர்ப் புத்தகம் வாங்கினேன், அவள் எனக்குக் குழந்தை வளர்ப்பு வாங்கினாள், ரெண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தோம். மாசி முடிவதற்குள் எல்லாம் போயிற்று. போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை, நான் எதிரில் நின்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒரு கடையில் ஏறி இருப்பதிலேயே பெரிய நாவலாகக் கேட்டு வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தேன். நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் அதில் ஒரு ஹேர்பின் இருந்தது. அந்த வருஷம் என்னைவிட அந்தப் புத்தகம்தான் அவளைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

எங்கே வந்துவிட்டேன்? இரு பக்கமும் பரீட்சைப் புத்தகங்கள். இந்த வரிசையே பரீட்சை. கல்யாண வயசில் இருக்கிற பையன்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் தொகுப்பைப் புரட்டுகிறார்கள், ஒரு பெண் பக்கங்களைப் போனில் படம் எடுக்கிறாள், கடைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். பாவம், எடுத்துக்கொள்ளட்டும். நாங்களும் இந்த வரிசையில் நிறைய வருஷம் நின்றிருக்கிறோம். கதிரவன் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க எங்கள் விளையாட்டு பேருக்குத்தான் நடந்தது, நான் அவளுக்கு என்று வாங்கியது பொது அறிவுக் கேள்வி பதில், அவள் எனக்கு என்று வாங்கியது ஆங்கில இலக்கணம், பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள், எல்லாம் அவன் மேஜைக்குப் போகும். அவனுக்கு வரன் அமையாத காலத்தில் நான் வாஸ்து வாங்கினேன், அதைப் படித்துவிட்டு அடுப்பை இடம் மாற்றச் சொன்னேன், அவள் புத்தகத்தை இடம் மாற்றினாள், பரணுக்கு. பதிலுக்கு அடுத்த வருஷம் எனக்குக் கிடைத்தது கோபத்தைக் குறைப்பது எப்படி. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம்! ரெண்டு நாள் பேசவில்லை. பிறகு ரத்தக் கொதிப்பு வந்தபோது எடுத்துப் படித்தேன், ஒன்றும் மோசமில்லை. பையன் புனேக்குப் போனான், வீடு காலியாயிற்று, மறுபடியும் நாவலுக்கே வந்தோம். அதற்குள் ஊர் நாவலை விட்டுப் போயிருந்தது.

இந்தப் பக்கம் முழுக்கப் பணம். பணக்காரனாவது எப்படி, சீக்கிரம் பணக்காரனாவது எப்படி, தூங்கும்போதே பணக்காரனாவது எப்படி. அதற்குப் பக்கத்திலேயே பணத்தால் வந்த கவலைக்கு மருந்தாக நிம்மதி. அட்டையில் எல்லா ஆசாமிகளும் கையைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார்கள். எல்லாம் ஒல்லி. ஒரு விரல்கூடத் தேறாது. இதையெல்லாம் வாங்குகிறவர்களை நான் கேலி பேசிக்கொண்டே போவேன், தனகோடி கையைக் கிள்ளுவாள், "அவங்கவங்களுக்கு அவங்கவங்க அவஸ்தை" என்பாள். இன்றைக்குக் கிள்ள ஆள் இல்லை, எனக்கும் கேலி வரவில்லை. மரணத்தை எதிர்கொள்வது என்று ஒன்று இருக்கிறது, வெள்ளை அட்டை, ஒரு தாமரை. எடுத்துப் பார்த்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து வைத்துவிட்டேன். திருடன் மாதிரி. அடுத்த வரிசையில் அவள் இருக்கக் கூடும். இருக்கிறாளா? தட்டிக்குக் கீழே தெரிகிற கால்களில் அவள் செருப்பைத் தேடுகிறேன். எல்லாக் கால்களும் நல்ல கால்கள். மைக்கில் நீலச் சட்டைக் குழந்தை கிடைத்துவிட்டது என்கிறார்கள், நன்றி என்கிறார்கள்.

மூலைக் கடை பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் தாடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து தெரியும். நாலு விரல் நாவலெல்லாம் அவரிடம் வாங்கியதுதான்.

"வாங்க சார், வாங்க. அம்மா அந்தப் பக்கமா? ஆட்டம் இன்னும் நடக்குதா?"

"நடக்குது பாய்."

"நல்லா நடக்கட்டும் சார். உங்க ரெண்டு பேர வெச்சுதான் நானே இன்னும் கடை போடறேன்" என்று சிரித்தார். பின்னால் அலமாரியைப் பார்த்தேன். முன்பு நாவல்கள் நின்ற இடத்தில் நிம்மதியும் பணமும் நின்றன. என் பார்வை போவதைக் கண்டு அவரே சொன்னார். "என்ன பண்றது சார். தடி புக்க எடுக்கறாங்க, தூக்கிப் பாக்கறாங்க, திருப்பி வெச்சிடறாங்க. போன வாரம் ஒருத்தரு நாவலுக்குச் சுருக்கம் இருக்கான்னு கேட்டாரு. நம்ம மேல தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல. ஜனங்களுக்கு டைம் இல்ல சார்."

ஜனங்களுக்கு டைம் இல்லை. சாதாரணமாகச் சொன்னார், வருஷா வருஷம் சொல்வதுதான், நானும் வருஷா வருஷம் தலையாட்டுவேன். இன்றைக்கு அது எங்கேயோ மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. டைம் இருக்கிற இந்த ஜனங்களெல்லாம் டைம் இல்லை என்று ஒல்லிப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கேள்வித்தாள் பெண்ணுக்கு இன்னும் அறுபது தை இருக்கிறது. எதிர்க் கடையில் பையைத் தூக்க முடியாமல் தூக்குகிற அந்தக் குண்டு ஆசாமிக்குக்கூட இருபது இருக்கும். ஒரு பொங்கலைக் கூடுதலாகக் கொடுங்களேன் என்று இவர்களிடம் கேட்க முடிந்தால் வெட்கமில்லாமல் கேட்பேன், கையேந்துவேன், ஒருத்தர் ஒரு வாரம் கொடுத்தாலும் போதும், இந்தக் கூட்டத்துக்கு அவள் நாலு விரல் என்ன, பத்து விரல் படிப்பாள். பாய் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்தார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். அம்மாவுக்குன்னே தனியா எடுத்து வெச்சேன்." நாவல். கையில் வாங்கினேன். கனம் மணிக்கட்டில் இறங்கியது. விரல் வைக்காமலே தெரிந்தது, நாலு, நாலுக்கும் கொஞ்சம் மேல். முதல் பக்கத்தில் ஒருத்தன் நடு மத்தியானத்தில் தெரியாத ஊரில் ரயிலை விட்டு இறங்குகிறான், மனைவியைத் தேடி வந்திருக்கிறான். அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இறங்கினவனுக்கு உடனே ஒரு மாமா பேரை வைத்துவிடுவாள். அவன் மனைவியைக் கண்டுபிடித்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள மார்கழி ஆகும். நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். மூடிவிட்டேன். முடியவில்லை, என்னால் முடியவில்லை, யாராவது இதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் தேவலை.

அப்போதுதான் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. சிறுகதைகள், பல பேர் எழுதியதைச் சேர்த்துத் தைத்தது, நாவலை விடவும் தடிமன். எனக்குப் பொறி தட்டிற்று. தூக்கினால் பழைய கனம், சந்தேகம் வராது. உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி, ஐந்து பக்கம், ஆறு பக்கம், உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும். எந்த மத்தியானத்தில் நின்றாலும் முழுசாக நிற்கும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அவளுக்குச் சிறுகதை ஆகாது என்பது தெரியாமல் இல்லை. "பழகறதுக்குள்ள ஆள் எழுந்து போயிடறான்" என்று ஒரு தரம் வாங்கியதைத் திருப்பியே கொடுத்துவிட்டாள். இருக்கட்டும், இந்த ஒரு வருஷம் இருக்கட்டும்.

"அம்மாவுக்குச் சிறுகதை ஒத்துக்காதே சார்?" என்றார் பாய்.

"இப்பல்லாம் படிக்கறா" என்றேன். அவர் நாவலை மறுபடி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, இதை உறையில் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வெளிச்சத்தில் கண் கூசிற்று. எண்ணெய் வாசனை. அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள், அப்பளம் காகிதத் தட்டில் உடையாமல் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது நாற்காலி அவளுக்கு ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது. முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு, வேகமாக நடந்து போய், வழக்கம்போல் மூட்டையை மடியில் வைத்தேன். வழக்கம்போல் "அப்பா!" என்று கனத்துக்காக ஒரு சத்தம் போட்டாள். எனக்கு உயிர் வந்தது. உறையைப் பிரித்தாள். அட்டையைப் பார்த்தாள். பக்கங்களைக் கட்டைவிரலால் சர்ரென்று ஓடவிட்டாள்.

"சிறுகதையா?"

நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"பாய்கிட்ட நாவல் இல்லையா?"

"இருந்துது" என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, இத்தனை நாள் சொன்ன பொய்யோடு அதையும் சொல்லியிருக்கலாம், ஆனால் வாய் முந்திக்கொண்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை, நான் ஜுரத்தில் கிடக்கும்போது பார்ப்பாளே அப்படிப் பார்த்தாள். புத்தகத்தை மூடி மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல. இதுவே நல்லதுதான். பாதியில நிக்காது."

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் பஜ்ஜிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, அல்சர் என்று மறுபடியும் சொல்வதா, டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா என்று சிரிப்பதா, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் பையிலிருந்து எனக்கு வாங்கியதை எடுத்து நீட்டினாள். உறை போடவில்லை. சமையல் புத்தகம். தனியாக இருப்பவர்களுக்கு எளிய சமையல் என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு தட்டு, ஒரு டம்ளர். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், பால் பொங்குவதற்கு முன் அணைக்கத் தெரியும், அதற்கு மேல் அடுப்பில் ஒன்றும் தெரியாது. அட்டையில் இருந்த அந்த ஒற்றைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பளத்தை உடைத்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"இது எதுக்கு தனம்" என்றேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். "நீயே சொல்லிக் குடேன்."

"சொல்லித் தரேன். நாளைக்கே ரசத்துலேந்து ஆரம்பிப்போம்" என்றாள். "அளவுக்கு மட்டும் இதப் பாத்துக்குங்க. எனக்கு ரெண்டு பேருக்குத்தான் போடத் தெரியும்."